வாய்க்குள் ஐஸ் குச்சி

தறி வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவள் தம்பியும் இருந்தான்.

வருஷக்கணக்கா பாக்கு போட்டு எனக்கு வாய் சரியாத் திறக்கறதில்லை. பாக்கை விட்டாச்சு. பல்லுக்கு நடுவில் ஐஸ் குச்சிகளை அடுக்கி வைக்கணும், வாரத்துக்கு ஒண்ணு கூட்டணும், முப்பது நுழைஞ்சா ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன மாசம் இருபத்தொண்ணு வரைக்கும் வந்தேன். அப்புறம் தறியில் நெடுக்கா ஓட்டுற நூல், புதுப் பாவு வந்தது. பழைய பாவோடு அதை இழை இழையாப் பிணைக்கிற வேலையில் குச்சியைத் தொடவே இல்லை.

அன்னிக்குத்தான் மறுபடி எடுத்தேன். மனைவி ஒவ்வொண்ணா செருகினாள்.

"அத்தினி இழையப் பிணைக்க நேரம் இருக்குது. வாயத் தொறக்க நேரம் இல்லியா உங்களுக்கு?"

"வுடுக்கா. மாமா பேசாம இருந்தா நமக்கு லாபம்தான்" என்றான் மச்சான்.

குச்சியைக் கடிச்சுகினு என்னத்தைப் பதில் சொல்றது? பேஜாராப் போச்சு. முப்பது இப்போதைக்கு வேண்டாம், இந்தப் பாவு முடியறதுக்குள்ள பழைய இருபத்தொண்ணு திரும்பி வந்தாப் போதும் என்று நினைச்சுக்கினேன்.

அடுத்த குச்சி நுழையவில்லை. மனைவி எல்லாத்தையும் உருவி எண்ணினாள்.

பதினாறு.