நீலப் பட்டை கட்டியவர்கள்

லாவண்யாவுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று பெங்களூருக்குப் பக்கத்தில் பொம்மசந்திராவில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தால் சமையல்காரரோடு சண்டை. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் மேனேஜரோடு சண்டை. தாழ்ப்பாள் வந்ததும் எல்லாரும்தான் போட்டுக்கொண்டார்கள். வாயாடி என்ற பெயர் மட்டும் அவளுக்குத் தனியாகக் கிடைத்தது.

நாட்றம்பள்ளியில் பன்னிரண்டாவது முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். வண்டிகளுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. நாள் முழுக்க நின்றபடியே கலர் கலராக வயர்களைச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். முதல் நாள் லைனில் பக்கத்தில் நின்றவள் பெயர் மௌரீன் என்றதும், யாரோ வெள்ளைக்காரி போல என்று லாவண்யா ஒதுங்கித்தான் நின்றாள். மத்தியானம் அந்த வெள்ளைக்காரி டிபன் டப்பாவைத் திறந்து கருவாட்டுக் குழம்பை நீட்டினாள். ஹெப்பகோடியிலேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் சர்ச்சில் இங்கிலீஷும் தெருவில் கன்னடமும் பேசுகிற பெண் அவள். அன்று ஒட்டிக்கொண்டவர்கள்தான். லாவண்யாவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடெல்லாம் மௌரீன் வீட்டில் என்று ஆனது.

பிறகு மௌரீன் தபாலில் படித்து டிகிரி வாங்கி, எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் வேலைக்குப் போனாள். அங்கே டிரேவரைப் பார்த்தாள். ஃப்ரேசர் டவுனில் சொந்த வீடு, தாத்தா காலத்துப் பியானோ, வாசலில் நாய் என்று வசதியான குடும்பம். இனி இவள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். லாவண்யா அதற்கும் சண்டை போட்டாள்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த அன்று மௌரீன் சொன்னாள்: "மணப்பெண் தோழியா கவுன் போட்டுக்கிட்டு எம் பக்கத்துல நிக்கறதை விடப் பெரிய வேலை உனக்கு இருக்குடி. நம்ம லைன் ஆளுங்க ஒருத்தர் விடாம வரணும். நீதான் கூட்டிட்டு வரணும். அய்யாவு அண்ணன் வரலேன்னா நான் மோதிரமே மாத்த மாட்டேன்."

அய்யாவு என்பவர் அந்த லைனிலேயே மூத்தவர். சத்தமே போடாத மனிதர். இரண்டாவது கொரோனா அலையில் மௌரீனின் அப்பா இறந்தபோது உறவுக்காரர்கள் போனிலேயே அழுது முடித்துக்கொண்டார்கள். பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. சர்ச் வாசலில் அவளும் அவள் அம்மாவும் விழித்துக்கொண்டு நின்றபோது, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு லைன் ஆட்கள் மூன்று பேரோடு சைக்கிளில் வந்து இறங்கியவர் அய்யாவு. கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றாமல் தூக்கிப் போனார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர்களை வரவழைப்பது லேசான வேலையா? லாவண்யா சூப்பர்வைசரின் உயிரை எடுத்து ஷிஃப்டை மாற்றினாள். ஒரு வேன் பேசினாள். பெண்கள் பட்டுப் புடவையை வெளியே எடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து பெரிய குக்கர் ஒன்று வாங்கி, பளபளக்கும் காகிதத்தில் சுற்றினார்கள். அய்யாவு புதுச் சட்டை எடுத்தார்.

கல்யாணம் ஆனேக்கல் போகும் வழியில் ஒரு பண்ணை வீட்டில். டிரேவரின் அம்மா மரியா வாடகைக்குப் பிடித்த இடம். நாலு பக்கமும் தென்னை, நடுவில் கம்பளம் விரித்தது போலப் புல்வெளி, அதில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், பூ வளைவு, மேடையில் பேண்ட் வாத்தியம். எங்கே பார்த்தாலும் அழகுதான். அதை மறுக்க முடியாது.

லாவண்யாவுக்கு ஊதா நிறத்தில் ஒரு கவுன். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் ஜிப் ஏறியது. அதில் பை கிடையாது என்பதால் போனை மாடி அறையிலேயே வைத்துவிட்டு, பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு மௌரீனுக்குப் பின்னால் நடந்தாள். நடக்கும்போதே கவனித்தாள், மௌரீனின் கண் டிரேவர் மேல் இல்லை. வரிசை வரிசையாக நாற்காலிகளில் யாரையோ தேடிக்கொண்டு போனது.

பாஸ்டர் ஜெபம் செய்யும்போது முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "நம்மாளுங்க எங்கடி?"

"வேன் லேட்டாயிருக்கும். ரோடு முழுக்க லாரிதானே. வந்துடுவாங்க."

மோதிரம் மாற்றினார்கள். கை தட்டினார்கள். தட்டிய கைகளில் லைன் ஆள் கை ஒன்றுகூட இல்லை. போட்டோ எடுக்கத் தொடங்கியதும் லாவண்யா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். போனில் அய்யாவுவின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் வந்தவை.

திருப்பி அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. கீழே ஓடி, கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் வேன் வந்ததா என்று கேட்டாள். "ஆவாக்லே பந்தாய்த்து மேடம், ஹிந்தகடே," என்று அவன் வீட்டின் பின்பக்கம் கை காட்டினான். எப்போதோ வந்துவிட்டார்களாம், பின்னால் இருக்கிறார்களாம். பக்கத்தில் காதில் வயரோடு நின்றிருந்த ஏற்பாட்டுக் கம்பெனிப் பெண் விளக்கம் சொன்னாள்: "கோல்டு பேண்ட் லானுக்கு மேடம். டிரைவர்ஸ், மெயிட்ஸ், ஃபேக்டரி வேன், அதெல்லாம் ப்ளூ. மாப்பிள்ளையோட அம்மா சொன்னதுதான்." விருந்தாளிகளின் மணிக்கட்டில் ஒட்டும் காகிதப் பட்டைகள் அவளிடம் இரண்டு கட்டு இருந்தன. ஒன்று தங்க நிறம், ஒன்று நீலம்.

சமையல்கட்டைத் தாண்டி, ஜெனரேட்டர் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு ஷெட். அதற்குள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் பட்டுப் புடவையும் புதுச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள் அவளுடைய ஆட்கள். மூலையில் ஒரு டி.வி. அதில் மௌரீன் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். இருநூறு அடி தள்ளி நடந்த கல்யாணத்தை இவர்கள் டி.வி.யில் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஜெனரேட்டர் இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்காமல். குக்கர் மேஜைக்கடியில் கிடந்தது. புல்வெளியில் மட்டன் பிரியாணி. இங்கே தட்டில் குஸ்கா. பிரியாணியிலிருந்து கறியைப் பொறுக்கிக்கொண்டு வெறும் சோற்றை அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் நீலப் பட்டை.

லாவண்யாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யாருண்ணா உங்களை இங்க உக்கார வெச்சது? எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க, எங்கூட வாங்க!"

"இருக்கட்டும் பாப்பா," என்றார் அய்யாவு. "இங்க காத்து நல்லா வருது." சொல்லும்போதே ஜெனரேட்டர் புகை முகத்தில் அடித்து அவருக்கு இருமல் வந்தது.

"காத்தா? மௌரீன் அங்க உங்களைத் தேடிட்டே நிக்கறா. இப்பவே போய் சொல்றேன்."

அய்யாவு அவள் குறுக்கே வந்து நின்றார். "நில்லு. அப்பன் இல்லாத புள்ள. கல்யாணத்தன்னிக்கே மாமியாகூட மல்லுக்கு நிக்கணுமா? நாளைக்கு அந்த வூட்ல அவதான் இருக்கணும், நீயும் நானும் இல்ல. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, அவகிட்ட இதைச் சொல்ல மாட்டேன்னு."

அவர் தலையைக் குனிந்து நின்றார். புதுச் சட்டையின் காலரில் கடைக்காரன் செருகிய பிளாஸ்டிக் பட்டி இன்னும் அப்படியே இருந்தது. லாவண்யா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தலையில் கை வைத்தாள். "சொல்ல மாட்டேன்."

மௌரீனிடம்தானே சொல்லக்கூடாது? நேராக மரியாவிடம் போனாள். வெள்ளிச் சரிகைப் புடவையில் சிரித்துக்கொண்டே எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்த அந்த அம்மாள், இவள் சொன்னதைக் கேட்டுத் தோளில் செல்லமாகத் தட்டினாள்.

"அவங்களுக்கு அங்கதான்மா ஃப்ரீயா இருக்கும். நம்ம நடுவுல உக்காந்தா பாவம், ஸ்பூன் பிடிக்கக்கூட கூச்சப்படுவாங்க. நீயும் அங்க ரொம்ப நேரம் நிக்காத டார்லிங், கவுன்ல வாசம் புடிச்சிடும்."

கத்தியிருந்தால் லாவண்யா திருப்பிக் கத்தியிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. இப்படித் தேன் தடவிப் பேசுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? பாவமாம். அப்பன் பெட்டியைத் தூக்க வந்தவரிடம் கூச்சமா என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? இந்த டிரேவர் வீட்டார் அப்போது யாரென்றே தெரியாது, சரி. தெரிந்தவர்களாவது வந்தார்களா? அன்று கதவைச் சாத்திக்கொண்ட மௌரீனின் பெரியப்பாவும் அத்தையும் இப்போது தங்கப் பட்டையோடு முதல் வரிசையில் மீன் வறுவலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வேன் வந்துதாடி?" என்று மறுபடி கேட்டாள் மௌரீன். அவள் கண் கலங்கியிருந்தது. "வர மாட்டாங்கன்னு தெரியும். நான் பெரிய எடம் போயிட்டேன்னு நெனச்சிட்டாங்க இல்ல?"

லாவண்யா அவள் முக்காட்டைச் சரி செய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தியம் பண்ணியாயிற்றே. வராதவர்கள் என்ற பெயரையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டார்களே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அப்போதுதான் மேடையில் அறிவித்தார்கள்: "கிராண்ட் மார்ச்!"

இந்த மாதிரிக் கல்யாணங்களில் அது ஒரு வழக்கம். பேண்ட் வாசிக்க, மாப்பிள்ளைத் தோழனும் மணப்பெண் தோழியும் கைகோத்து முன்னால் நடப்பார்கள். அவர்கள் பின்னால் மணமக்கள், அதற்குப் பின்னால் விருந்தாளிகள் எல்லாரும் ஜோடி ஜோடியாக. முன்னால் போகிறவர்கள் எங்கே திரும்பினாலும் மொத்தக் கூட்டமும் அங்கேதான் திரும்ப வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைத் தோழனான டிரேவரின் நண்பன் சுதீர்தான் அவளுக்குப் பழக்கிக் கொடுத்தான். புல்வெளியை ஒரு சுற்று, பூ வளைவுக்குள் நுழைந்து இடதுபக்கம், மறுபடி மேடை. தப்பாகத் திரும்பிவிடுவோமோ என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

பேண்ட் தொடங்கியது. ஒரு சுற்று ஒழுங்காக நடந்தாள். பூ வளைவு வந்தது.

"லெஃப்ட்," என்றான் சுதீர்.

லாவண்யா அவன் கையை இறுக்கிப் பிடித்து வலதுபக்கம் இழுத்தாள்.

"லாவண்யா, லெஃப்ட்! அங்க கிச்சன்தான் இருக்கு!"

"தெரியும். நடங்க."

மௌரீன் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள், ஏதோ விளையாட்டு என்று. டிரேவர் வந்தான். பெரியப்பா, அத்தை, பாஸ்டர், ஃப்ரேசர் டவுன் சீமாட்டிகள் எல்லாரும் குதிகால் செருப்போடு புல்லைத் தாண்டிச் சேற்றில் இறங்கினார்கள். டிரம்பெட்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மேடையிலிருந்து இறங்கி வாசித்துக்கொண்டே கூட வந்தார். சமையல்கட்டில் பாத்திரம் கழுவியவர்கள் கை நுரையோடு ஒதுங்கி நின்றார்கள்.

ஷெட் வாசலில் லாவண்யா நின்றாள். ஊர்வலமும் நின்றது. பாட்டு நின்றது. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே அத்தனை பேரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார்கள். அய்யாவு எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு லாவண்யாவைப் பார்த்தார். "சொல்ல மாட்டேன்னு தலையில அடிச்சியே பாப்பா!"

"நான் எங்கண்ணா சொன்னேன்? நடந்துதானே வந்தேன்."

மௌரீன் ஒவ்வொருவராகப் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். மேஜைக்கடியில் கிடந்த குக்கரைப் பார்த்தாள். அய்யாவுவின் இடது கையைப் பிடித்து, அந்த நீலப் பட்டையையும் பின்னால் நின்ற பெரியப்பாவின் கையில் மின்னிய தங்கப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் டிரேவரிடம்.

"அம்மா ஏதோ தனி சீட்டிங்னு சொன்னாங்க… நான் சரின்னுட்டேன். யாருக்குன்னு கேக்கல."

"கேட்டிருக்கணும்."

மௌரீன் கவுனை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அய்யாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலண்ணா. பசிக்குது. எனக்கும் அந்தக் குஸ்காவே போடச் சொல்லுங்க."

டிரேவர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

ஊர்வலத்தின் வாலிலிருந்து மரியா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "மௌரீன், வாட் இஸ் திஸ்? எல்லாரும் பாக்கறாங்க. எந்திரி, கேக் வெட்டணும்."

"எங்கப்பா பெட்டியைத் தூக்கினவர் இவர், ஆன்ட்டி," என்றாள் மௌரீன், குரலை உயர்த்தாமல். "இவருக்கு எங்க தட்டு போடறீங்களோ அங்கதான் எனக்கும். கேக்கை இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

முதல் வரிசைப் பெரியப்பா தென்னைமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பாஸ்டர் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக மற்றவர்களும் இடம் தேடினார்கள். சுதீர் தட்டுகளை எடுத்து வரப் போனான். மரியா மட்டும் நடுவில் நின்றாள். அவளுக்கு யாரும் இடம் விடவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

லாவண்யா அதைக் கண் குளிரப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும்.

அய்யாவு எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் தன் நாற்காலியைத் துடைத்து, மரியாவின் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கம்மா, கால் வலிக்கும்" என்றார்.

அதற்கும் லாவண்யாவுக்குக் கோபம் வந்தது.