அதிகாரி வருவதற்குள் உழுத வயல்

நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொல்லங்கோட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். நடுவில் ஒரு செக்போஸ்ட்தான். ஆனால் அந்தப் பக்கம் என் அண்ணன் நினைத்த மாத்திரத்தில் தேங்காயெண்ணெய் மில் போட்டுவிட்டார். இந்தப் பக்கம் 'நிலம்' என்ற ஒரே சொல் என்னைக் குறுக்கே மறித்தது. கேரளத்துக் காகிதத்தில் நிலம் என்றால் நெல்வயல். அதில் ஒரு செங்கல் எழுப்பக் கூடாது. வீடும் தொழுவமும் இருக்கிற மேட்டு மனைக்குப் 'புரயிடம்' என்று பெயர். அதில் கட்டலாம்.

செக்கு வைக்க எனக்கு ரோட்டோரமாக இடம் வேண்டியிருந்தது. எங்களுக்கு ரோட்டோரப் புரயிடம் ஒன்றே ஒன்றுதான்: மாமனாரின் இரண்டு காளைகள் நிற்கும் கட்டுத்தாரை. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"சாமி ரூமைக் கேளு அம்மிணி, தர்றேன். கட்டுத்தாரையக் கேக்காத," என்றார்.

உழவுக்கு டிராக்டர் வந்து வருஷக்கணக்காகிறது. காளைகள் சும்மா நின்று தின்றுகொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்துக்கு உப்பே போடவில்லை. அவர் அதையே இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது கட்டுத்தாரைக்கு எதிரே தரிசாகக் கிடந்த எங்கள் வயல் துண்டு. நான் வந்த நாளிலிருந்து அதில் கோரையைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. நெல்வயல் பட்டியலிலிருந்து அதை நீக்கச் சொல்லிக் கணவர் பேரில் மனுப் போட்டேன். கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீஸிலிருந்து அதிகாரி நேரில் வந்து பார்த்து, இது வயலாக இல்லை என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

வயலை வயல் இல்லை என்று எழுதி வாங்கப் போகிறேன் என்று மாமனாரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. "வெள்ளிக்கிழமை கிருஷிபவன் மேடம் நம்ம வயலப் பாக்க வர்றாங்களாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு, மெஷின் பார்க்க அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றேன். தரிசு முழுக்கச் சேற்றுழவு ஓட்டியிருந்தது. தண்ணீர் தளும்பியது. வரப்பெல்லாம் சீவி மண் அணைத்திருந்தது. கொக்குகூட வந்துவிட்டது. வெளுத்த சட்டையோடு வரப்பில் நின்ற மாமனார், அதிகாரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஆபீசர் வர்றப்ப வயலு தரிசாக் கெடந்தா மானம் போயிருமுங்க. ரெண்டு நாளா மோட்டார் ஓட்டி உழுதுட்டனுங்க."

அதிகாரி மனுவைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஒந்நாந்தரம் நெல்வயல் ஆணல்லோ," என்றார். முதல் தரமான நெல்வயலாம். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான், பாவம், மனுவில் இருந்ததை அந்த அம்மாள் அவருக்கு விளக்கிச் சொன்னார்.

மாமனார் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கொக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மனு அன்றோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கொட்டகை போட்டு, காளைகளை அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, என்ன பண்றீங்க?"

"மொதல்லயே சொல்லியிருந்தா உழுதிருக்க மாட்டனல்லோ அம்மிணி."

"சொல்லியிருந்தாத் திட்டியிருப்பீங்க."

"திட்டியிருப்பேன். அப்பறம் கட்டுத்தாரையவே குடுத்திருப்பேன்."

நான் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தேன்.

இப்போது கட்டுத்தாரையில் என் செக்கு ஓடுகிறது. அண்ணன் மில்லைச் சுற்றி மனை பிரித்துக் கலர் கல் நட்டுவிட்டார்கள். என் வாசலில் நின்றால் நெல்லியாம்பதி மலையடி வரை நெல்தான். எங்கள் துண்டிலும் இரண்டு போகம் விளைந்துவிட்டது. சட்டத்தைத் திட்டிய வாயை ஓரளவு மூடிக்கொண்டேன். முழுசாக இல்லை; பஞ்சாயத்து லைசென்ஸுக்கு நடந்ததில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

தினமும் முதல் புண்ணாக்கு விழும் நேரத்துக்கு மாமனார் வாளியோடு வந்துவிடுவார். ஒருநாள், "விக்கறதுக்கு வேணுமுங்க மாமா," என்றேன்.

"அவுங்க எடத்துலதான ஓட்டற? வாடகைய மொதல்ல எடுத்து வெய்யி," என்று காளைகள் இருந்த திசையைக் காட்டினார்.

அன்றிலிருந்து முதல் வாளியை நானே நிரப்பிக் கொண்டுபோகிறேன்.