குடத்துத் தண்ணீரில் எடுத்த அளவு

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஏரலுக்குத் தெற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். வாழைக்குப் போடும் உரத்தின் நைட்ரேட் கிணற்றில் இறங்கியிருந்தால் பச்சைப்பிள்ளைக்கு ஆகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பாளையங்கோட்டையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்தேன்.

எங்கள் ஆய்வகத்துப் புறஊதா நிறமாலைமானியில் இரண்டு குவார்ட்ஸ் குப்பிகள் வைக்க வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் சோதிக்கும் நீர். முதல் குப்பி விழுங்கும் ஒளியைக் கழித்துவிட்டுத்தான் அது கணக்குச் சொல்லும். எனக்கு வகுப்பு இருந்ததால், உடன் ஆய்வு செய்த தோழி அளவெடுத்துத் தந்தாள். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகள். தாமிரபரணியை யாரும் ஒரு சொல் குறைத்துச் சொல்ல விடமாட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அளவு, குடிநீருக்கு அனுமதித்த எல்லைக்குச் சற்றுக் கீழே என்றாள். எனக்கு உயிர் வந்தது. பயப்படாமல் கொடு என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறிய தோழி, வழியில் சேரன்மகாதேவியில் இறங்கிப் போனில் கூப்பிட்டாள். வடிநீர் கேன் காலியாக இருந்ததாம். நாங்கள் குடிக்கப் பிடித்துவைத்த குடத்திலிருந்து முதல் குப்பியை நிரப்பினாளாம்.

“ஏளா, நம்ம ஆத்துத் தண்ணிதானேன்னு ஊத்திட்டேன். அதுலயும் நைட்ரேட்டு கொஞ்சம் கெடக்கும்லா. அதையும் கழிச்சுத்தான் காட்டிருக்கும். பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம்னு சொல்லு. நான் திரும்பி வாரேன்.”

அக்காவை உடனே கூப்பிட்டுத் தடுத்தேன். பிறகு, இவள் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று ஆய்வக வாசலில் நின்றேன். அழுது வீங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தாள். அவள் பையை வாங்கி உள்ளே வைத்தேன். இருவருமாக நீரை வடித்து மறுபடி அளந்தோம். எல்லையைத் தாண்டித்தான் இருந்தது.

அவள் பேசாமல் வீடு போய்ச் சேர்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால் இன்றும் அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து அக்கா தெருக்குழாயில்தான் பிள்ளைக்குத் தண்ணீர் பிடித்தாள். அதுவும் தாமிரபரணித் தண்ணீர்தான். குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் வேறில்லை, மெஷினுக்குத்தான் ஆகாது என்று தோழி இப்போதும் பெருமையடிப்பாள்.

பிள்ளைக்குப் பேச்சு வந்தபோது இருவரும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். சொந்தச் சித்தி நான் பக்கத்தில் நிற்க, அவளைப் பார்த்துத்தான் முதலில் சித்தி என்றது. கொஞ்சமும் பொறாமைப்படவில்லை என்றால் பொய். ஆனால் அது அவளுக்குச் சேரவேண்டியதுதான்.