மதகடி வயலைக் காட்டிய ஊர்

கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர்தான். நான் நீட்டிய கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏம்மா, இத்தினி எதுக்கு எழுதிக்கினு வந்த? குடும்பச் சூழ்நிலை காரணமா விலகுறேன்னு ஒரு வரி எழுதிக் குடு. இன்னிக்கே காப்பீட்ட ரத்து பண்ணிடறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் குடும்பத்தில் ஒரு சூழ்நிலையும் இல்லை. கணவர் அம்பத்தூரில் ஷிப்ட் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மாமியார் தினமும் என்னோடு சண்டை போடும் அளவுக்குத் திடமாக இருந்தார். சூழ்நிலை எல்லாம் ஊரில்தான் இருந்தது, அதைத்தான் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

அது 1991. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் எங்கள் ஊர். பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். அம்மா வழியில் எனக்கு முக்கால் ஏக்கர் வந்திருந்தது, கடைமடையில். ஏரித் தண்ணீர் மதகை விட்டு இறங்கி, எல்லோர் வயலையும் நனைத்துவிட்டு, மனசு இருந்தால் கடைசியில் என் வயலுக்கு வரும். பயிர்க்கடன் வாங்கியபோது சங்கத்தில் பயிர் காப்பீட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். அதுவரை அந்த நிலத்தில் நெல்லைத் தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது. விளையாமல் போனால் நஷ்டஈடு உண்டு என்று சொன்னதைக் கேட்டு, நான்தான் முதல் ஆளாகப் போய்ப் போட்டேன்.

முதல் சம்பாவிலேயே மழை ஏமாற்றியது. தண்ணீர் பாதி வயல்களோடு நின்றுபோனது. என் நெல் பால் பிடிக்காமல் பதராகிவிட்டது. காப்பீடு இருக்கிறதே என்று நானும் பெரிதாக அழவில்லை.

தை மாதம் அதிகாரி ஒருவர் கயிறும் முளைக்குச்சியும் தராசுமாக வந்தார். குலுக்கி எடுத்த வயலில் ஒரு சின்னச் சதுரம் அளந்து, அதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த எடையை வைத்துத்தான் எங்கள் சுற்று வட்டாரத்துக்கே நஷ்டம் உண்டா இல்லையா என்று முடிவு. அவர் பட்டியலைப் பார்த்து எண்ணைப் படித்தார். அது என் வயல்.

இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு என்னைப் பிடுங்கித் தின்றது வெட்கம்தான். வெளியூர் அதிகாரி, வெள்ளைச் சட்டை போட்டவர், அவர் வந்து என் பதரைப் பார்ப்பதா? எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி பக்கத்து வீட்டுடையது, குடிக்கும் டம்ளர் எதிர் வீட்டுடையது. வெளியாள் வந்தால் இருப்பதில் நல்லதைக் காட்டு, எங்களுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். சங்கத் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. அவர்தான் முந்திக்கொண்டு, "அந்த வயலா? அங்க இன்னா கீது சார், வாங்க" என்று மதகடியில் இருந்த தன் வயலுக்கு அழைத்துப் போனார். அங்கே கதிர் தலை சாய்ந்து நின்றது. அதிகாரிக்கும் வெயில், கடைமடைவரை நடக்காமல் கிட்டத்திலேயே வயல் என்றால் அவருக்கும் சௌகரியம். ஊரே பின்னால் போனது. அறுத்த கதிரைக் கூடையில் சுமந்தது நான். தராசு தாழ்ந்தபோது ஆரவாரம் செய்த கூட்டத்தில் என் குரலும் இருந்தது. வந்தவர் நஷ்டத்தை அளக்க வந்தவர் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

சித்திரையில் முடிவு வந்தது. விளைச்சல் நன்று, யாருக்கும் நஷ்டஈடு இல்லை. டீக்கடையில் நாலு நாள் கவர்மெண்டைத் திட்டித் தீர்த்தார்கள். எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம் என்று ஒருவர் வாய் திறக்கவேண்டுமே!

ஆனி கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்தது. அந்த ஈரத்தில் வேர்க்கடலை போட்டால் கடைமடை நிலத்துக்கு அது போதும், ஏரியை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நாலு நாளுக்குள் விதைத்தாக வேண்டும். ஒப்பந்தம் இருக்கும்வரை விதைக்கவும் முடியாது. அதனால்தான் கடிதத்தோடு சங்கத்தில் நின்றேன்.

"நீ எழுதியிருக்கறபடி குடுத்தா நான் ரத்து பண்ண முடியாதும்மா" என்றார் செயலாளர். "காஞ்சிபுரத்துக்கு அனுப்பணும். அவங்க விசாரிக்கணும். மாசம் ஆவும்."

வாரலீவில் இருந்த என் கணவர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒரு வரி பொய்தானே? எழுதிக் குடுத்துட்டு வெதையப் போடுவியா, வம்பு பண்ணிக்கினு கீற" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஒரு வரி எழுதினால் கடலை, எழுதாவிட்டால் தரிசு. பேனாவை எடுக்கக்கூட எடுத்தேன். அப்போது பெரியப்பா உள்ளே வந்தார். மேசையில் கிடந்த கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். 'என் வயலில் அறுக்க வேண்டியதை விட்டுவிட்டு மதகடி வயலில் அறுத்தார்கள். நாங்களே அங்கே அழைத்துப் போனோம். இப்படிப்பட்ட காப்பீடு எனக்கு வேண்டாம்.'

"இன்னாடி இது? இது காஞ்சிபுரம் போச்சுன்னா ஊர் மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"மானத்த தராசுல வச்சித்தான் பெரியப்பா என் வயிறு காஞ்சிது."

"கிழிச்சிப் போடு. இல்லாட்டி இனிமே இந்தச் சங்கத்துப் படி ஏற முடியாது. ஒரு மூட்ட உரம் வராது உனக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மிரட்டாமல் இருந்திருந்தால் பொய்யை எழுதியிருப்பேனோ என்னவோ, அதை மறைக்க நான் விரும்பவில்லை. "எழுதினது எழுதினதுதான். வாங்கிக்கினேன்னு முத்திரை போட்டுக் குடுங்க சார்" என்றேன். செயலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் நகலில் முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் ஏர் பூட்டி, அனுமதி இல்லாமலே கடலையை விதைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தை மீறினாள் என்று சங்கம் கடன் மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்கச் சொன்னால் நிலத்தை விற்பதைத் தவிர வழி இருக்காது. நாலு பேர் என் காதில் விழும்படியே, "இவளுக்குத் திமிரு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு ரொம்பத் திமிர்தான், இல்லையென்று யார் சொன்னது? வேலைக்குப் போகாமல் லீவு போட்ட என் கணவர், ஏர்ச்சாலில் விதைப்பருப்பைப் போட்டுக்கொண்டே என் பின்னால் வந்தார்.

ஒரு மாதம் கழித்துக் காஞ்சிபுரத்திலிருந்து ஜீப் வந்தது. பெரிய அதிகாரி, கையில் என் கடிதம். செடி மஞ்சளாகப் பூத்திருந்தது. பெரியப்பா, செயலாளர், இன்னும் பத்துப் பதினைந்து பேர் வரப்பில் கூடிவிட்டார்கள்.

"அனுமதி வர்றதுக்கு முன்னாடியே வெச்சிட்டீங்களா?"

"ஈரம் காயறதுக்குள்ள உங்க பதில் வரல சார்."

அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "சரி, அன்னிக்கு வயலை மாத்திக் காட்டினது யாரு?"

பெரியப்பாவின் பெயரை நான் சொல்வேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சொல்லவேண்டும் என்று எனக்கும் நாக்கு துடித்தது. ஆனால் அன்றைக்குக் கூடையைச் சுமந்த தலை என்னுடையதுதானே.

"நான்தான் சார்" என்றேன். "அந்த நம்பர் என் வயலு. மதகடியில அறுக்காதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னா எழுதணுமோ எம்பேர்ல எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அதற்குள் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார்.

"அவ இன்னா காட்டறது? நான் காட்டினேன். என் வயலு அது. என் ஊர்ல ஒரு பொம்பள பழி சொமந்துக்கினு நிப்பா, நான் பாத்துக்கினு இருக்கணுமா? எழுதுங்க சார், எம்பேர எழுதுங்க."

அதிகாரி அப்படியே எழுதினார். பிறகு ஜீப்பின் பானெட்டில் என் கடிதத்தை விரித்து, ஒப்பந்தம் ரத்து என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஜீப் போன பிறகு எனக்கு வந்தது கோபம்தான். நானாக வலிய ஏற்றுக்கொண்ட பழியைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை அந்த மனுஷன்.