பொம்மைக்குள் நான் நின்றபோது அப்பா பேசியது

பேய், முனி என்று யாராவது என்னிடம் கதை கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, "காலையில சாப்ட்டியா?" என்றுதான். பாதிப் பேய் வெறும் வயிற்றில் வருவது. மீதிப் பாதி வேலைக்குப் போக மனமில்லாத அன்று வருவது. இருபது வருஷமாகப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன், அதாவது அம்மாமார் மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். குழந்தை விடாமல் அழுதால் கண்ணூறு என்று மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். நான் கயிற்றைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் துணி நனைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் நனைந்துதான் இருக்கும். அப்படிப்பட்ட தவமணிதான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

போன வருஷம், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து ஹாலில் நான்கு நாள் பொம்மலாட்டப் பயிற்சி நடந்தது. பிள்ளைக்காம்பரா டீச்சர்மார், பள்ளிக்கூட டீச்சர்மார் என்று பத்துப் பன்னிரண்டு பேர். சொல்லிக்கொடுக்க வந்தவள் துவாரகா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எனக்கு மகள் இருந்தால் அந்த வயசு இருக்கும். முதல் நாள் பழைய காலுறையில் பொத்தான் தைத்துக் கைப்பொம்மை செய்தோம். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நாற்பத்து மூன்று வயதில், அந்தக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு லயத்து வீடு வரைக்கும் அதோடு சண்டை பிடித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம் டீச்சருக்குக் கழன்றுவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள்தான் பெரிய பொம்மை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் கூட நிற்கும் கொழுந்துக்காரப் பெண் பொம்மை. மூங்கில் சட்டத்தைப் பழைய பள்ளிக்கூடப் பையின் பட்டியால் ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு, சேலைக்குள் மறைந்து நடக்க வேண்டும். இரண்டு கைகளையும் ஆளுக்கொரு குச்சியால் வேறு இரண்டு பேர் ஆட்டுவார்கள். அதற்கு முகம் வேண்டுமே. உயிரோடு இருக்கிற ஒருவரின் முகத்திலேயே அச்சு எடுக்கப் போகிறேன் என்றாள் துவாரகா. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் சுற்றுவார்களே, அந்த பிளாஸ்டர் துணியை ஈரமாக்கி முகம் முழுக்க ஒட்டி, காய்ந்ததும் கழற்றுவது. பூனாகலைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த யோகராஜ் சேர், ஆள் என்னவோ கதவு அகலம், "ஐயையோ, எனக்கு மூச்சு முட்டும்" என்று முதலில் பின்வாங்கினார். ஒருவரும் முன்வரவில்லை. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வயதாகும்போது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு போட்டோ கிடையாது. அந்தக் காலத்தில் லயத்தில் யார் போட்டோ எடுத்தார்கள், கல்யாணத்துக்கே எடுக்கவில்லையாம். அம்மா எப்படி இருப்பார் என்று அப்பாவிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "ஒன்ன மாதிரி இல்ல. நீ எங்க அக்காவ உரிச்சு வச்சிருக்க" என்பார், அதோடு வாயை மூடிக்கொள்வார். மறு கல்யாணமும் செய்யவில்லை, அம்மாவைப் பற்றிப் பேசவும் இல்லை. கண்ணாடியைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. உலகத்தில் எனக்கு வேறு பெரிய ஆசை இல்லை, அந்த முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்றிருந்தேன். கிடைக்காது என்று தெரிந்த ஆசைதான், ஆனாலும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முகத்தில் வாஸ்லின் பூசி, தலைமுடியைப் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் போட்டுக் கட்டி, துண்டு துண்டாக பிளாஸ்டரை ஒட்டினாள். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருந்தது. "அக்கா, இனி கதைக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. இருபது நிமிஷம். ஏதும் வேணுமெண்டா கையை உயர்த்துங்கோ, நான் பக்கத்திலதான் நிப்பன்" என்றாள். இருட்டு. பிளாஸ்டர் மெல்லச் சூடேறியது. அந்தச் சூடு எனக்குச் சுகமாகக்கூட இருந்தது, தூக்கம் வந்தது.

அப்போது வெளியே ஒரே கூச்சல். "கொரங்கு! பச வாளியத் தூக்கிட்டுப் போகுது!" கடதாசி ஒட்டக் காய்ச்சி வைத்திருந்த கோதுமை மாப் பசையைக் குரங்குகள் பிடித்துவிட்டன. தடதடவென்று எல்லோரும் ஓடுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகம் அசைந்தால் அச்சு கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்து என் நெற்றியில் பட்டது. துவாரகா திரும்பிவிட்டாள், ஓரம் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். நெற்றியிலிருந்து இரண்டு பக்கமும் காது வரைக்கும் நிதானமாக வழித்தது. பிறகு கன்னம், மூக்குத் தண்டு. அவ்வளவு கனமான பிளாஸ்டருக்கு மேலே இருந்தும் அந்த விரல் நுனி எனக்குத் தெரிந்தது, நம்பினால் நம்புங்கள், வெடித்து வெடித்துச் சொரசொரவென்றிருந்தது. கடைசியில் பெருவிரல் என் வாயோரத்தை ஒருதரம் துடைத்தது. அது பிளாஸ்டர் ஒட்டுகிற வேலையில்லை. சோறூட்டிவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைக்கிற துடைப்பு. தினமும் முப்பது குழந்தைகளுக்கு நான் செய்கிற காரியம், எனக்குத் தெரியாதா?

அச்சைக் கழற்றியதும் முதல் வேலையாகக் கேட்டேன். "கடைசியா யாரு என் மொகத்த வழிச்சது?"

துவாரகா முகம் வெளுத்துப்போய் நின்றாள். "அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களைத் தனிய விட்டிட்டு நானும் ஓடிட்டன். உள்ள ஒருத்தரும் இருக்கேல்ல."

"நாங்க எல்லாரும் கொரங்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தோம் டீச்சர்" என்று யோகராஜ் சேர் கையைக் காட்டினார். முழங்கை வரைக்கும் பசை. நான் துவாரகாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். பஞ்சு போல இருந்தன, நகத்தில் சாயம் வேறு. சரி, அரைத் தூக்கத்தில் கனவு கண்டிருப்பேன் என்று அதோடு விட்டேன். மற்றவர்கள் வந்து இப்படிச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

அச்சுக்குள் பத்திரிகைக் கடதாசியைப் பசை தடவி ஏழு அடுக்கு ஒட்டினோம். எங்கள் பனியில் அது ஒரு வாரமானாலும் காயாது. அதனால் தேயிலை ஃபெக்டரியில் கேட்டு, கொழுந்து வாட்டுகிற இடத்தில் ஒரு ராத்திரி வைத்தெடுத்தோம். மூன்றாம் நாள் காலை, தேயிலை வாசத்தோடு வந்த அந்தக் கடதாசி முகத்தை துவாரகா உரித்து எடுத்து மேசையில் வைத்தாள்.

யோகராஜ் சேர்தான் முதலில் வாய் திறந்தார். "டீச்சர், இது நீங்க இல்லயே."

நான் இல்லைதான். என் மூக்கு சப்பை, இது கூர். என் கன்னம் உப்பல், இதில் எலும்பு தூக்கி நின்றது. அதைவிட, நெற்றி முடிந்து முடி தொடங்குகிற இடத்தில், ஒரு காதுப்பக்கமிருந்து மறு காதுப்பக்கம் வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். அது என்னவென்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்தவர்களுக்கு விழுகிற தடம். நான் ஒரு நாளும் கூடை தூக்கியதில்லை.

"கடதாசி காயேக்க சுருங்கும் அக்கா. பள்ளம் பொலித்தீன் பையின்ர ரப்பர் அமத்தினதா இருக்கும்" என்றாள் துவாரகா. ரப்பர் நூல் அளவு, பள்ளம் விரல் அளவு. ஆனாலும் நானும் ஆமாம் போட்டேன். நாளைக்கு ஆட்டம், இன்னும் சேலை கட்டவில்லை, கை செய்யவில்லை, எங்களுக்கு நேரமே இல்லை! அன்று முழுக்கச் சாயம் பூசினோம், பட்டுச்சேலை வேண்டாம் என்று மலைக்குக் கட்டுகிற பழைய சேலையாகத் தேடிக் கட்டினோம், முதுகில் கூடையை மாட்டினோம். சட்டத்தைத் தோளில் ஏற்றி நான்தான் உள்ளே என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் பின்னேரம் நான்கு மணி. பட்டப்பகல், நல்ல வெயில். மைதானத்தில் தோட்டமே கூடியிருந்தது. தப்பு முழங்கியது, நான் எழுந்து நடந்தேன். சேலையில் வெட்டிய சின்னப் பிளவு வழியாகத்தான் பார்வை. பிள்ளைகள் வீரிட்டுக் கத்தினார்கள், சிலதுகள் ஓடின, சிலதுகள் கட்டிப்பிடிக்க வந்தன. வலது கையில் யோகராஜ் சேர், இடது கையில் துவாரகா, மூன்று பேரும் ஒரே மூச்சில் நடந்தோம். என் ஜென்மத்தில் நான் அப்படி ஆடியதில்லை!

முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயது, புத்தியில் ஒரு குறையும் கிடையாது, நேற்று யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று இன்று சொல்லுவார். அவருக்கு முன்னால் வந்து பொம்மையைக் கொஞ்சம் குனிய வைத்தேன். அப்பா எழுந்தார். நேராக வந்தார். கையைத் தூக்கி, எனக்கு மேலே இருந்த அந்த முகத்தின் நெற்றியைத் தொட்டார்.

"இன்னும் வலிக்குதா பாக்கியம்?"

பாக்கியம் என் அம்மாவின் பெயர். அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. தப்பு அடிப்பவர்கள் இது ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்து அடியைக் குறைத்தார்கள். அப்பாவின் மார்பு என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, நடுவில் சேலை மட்டும். அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது போல நின்றார். பிறகு சிரித்தார்.

"அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு. இப்ப வெத்தல மட்டுந்தான், சத்தியமா."

மறுபடியும் காது கொடுத்தார்.

"இல்ல, அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல. படிக்க வச்சேன்."

இந்த முறை தலையைச் சாய்த்து வெகு நேரம் கேட்டார்.

"அப்புடியா? எனக்குத் தெரியாதே. நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே... சரி. சரி, சொல்றேன்."

நான் உள்ளே நிற்கிறேன். ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. போனில் பேசுகிறவருக்குப் பக்கத்தில் நிற்பது போல, இந்தப் பக்கப் பேச்சு மட்டும் கேட்கிறது. அழுகை முட்டுகிறது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயமில்லை, சந்தோஷம்! தலைக்கு மேலே, ஒரு முழத்தில், நான் ஆயுள் முழுக்கத் தேடிய முகம் இருக்கிறது, என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்பா போய் உட்கார்ந்தார். கூட்டம் கை தட்டியது. பிறகு யோகராஜ் சேர் தன் கையிலிருந்த குச்சியை என்னிடம் காட்டி, "நான் ஆட்டல டீச்சர், அந்தக் கை தானா அவரு தோள்ல போய் நின்னுச்சு" என்றார். அவர் பயந்த ஆள், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் அந்த முகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். "அம்மா இப்புடித்தான் இருந்தாங்களாப்பா?"

"இப்புடியேதான்" என்றார்.

"என்னா பேசினாங்க?"

"அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. நான் அவருடைய அக்காவைப் போல இருக்கிறேன் என்று அப்பா சொன்னது மனவேதனையை மறைக்க, மகளின் முகத்தில் தாயின் சாயல் இருக்காதா, வயசானவர் பொம்மையைப் பார்த்து உருகிப் பேசிவிட்டார். நீங்களும் இப்போது இதைத்தானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் ஒரு வாரம் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் பிள்ளைகளுமாக அங்கே ஒரே சத்தம். அப்பா வாசலில் இருந்து குரல் கொடுத்தார்.

"மொளகு! கொஞ்சம் தண்ணி கொண்டா."

"இந்தா வாரேம்ப்பா" என்று செம்பில் பிடித்துக்கொண்டு போய் நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூப்பிட்டது என் பெயரை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரப்பா கூப்ட்டீங்க?"

"ஒன்னத்தான். பால் குடுக்க பிள்ளைக்காம்பராவுக்கு வாரப்ப ஒங்கம்மா ஒன்ன அப்புடித்தான் கூப்புடுவாளாம். யாருக்கும் தெரியாதாம், எனக்கே அன்னைக்குத்தான் சொன்னா. கூப்ட்டுப் பாரு, அவ திரும்புவா அப்புடின்னு சொன்னா."

அந்தப் பெயரால் அதற்கு முன் இந்தத் தோட்டத்தில் ஒருவரும் என்னை அழைத்ததில்லை, நான் வீடு வீடாக விசாரித்துவிட்டேன். மற்ற எதற்கு வேண்டுமானாலும் நீங்கள் ஒரு காரணம் சொல்லுங்கள், நான் தலையாட்டுகிறேன். அத்தனை பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் நான்தான் என்று எழுந்தேனே, அது ஏன் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.