கோட்டுக்கு வெளியே நின்ற காவல்காரன்

படத்தில் ஓர் ஆளைக் காணவில்லை என்று அந்த அம்மா சொன்னபோது, நான் கடையின் பின்பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். கனடாவின் மிசிசாகாவில் படங்களுக்குப் பிறேம் போடும் கடை. அங்கே பதினொரு வருடம் வேலை செய்தேன்.

அந்த அம்மா பக்கத்து ஊரான றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் ஈரானியர். தந்தை வரைந்த சிறிய பாரசீக ஓவியமொன்றைப் பிறேம் போடத் தந்துவிட்டு, அன்று எடுக்க வந்திருந்தார். படத்தில் ஓர் அரண்மனை. சுவரை நேரே நின்று பார்ப்பதுபோலவும் தரையோடுகளை மேலே நின்று பார்ப்பதுபோலவும் வரைந்திருந்தது. வாசலும் உள்ளறையும் ஒரே பார்வையில் தெரியும். சுற்றிவரப் பொன்கோடு.

பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாது என்று, வரும் படத்தில் உள்ளதை எண்ணி ஓர்டர் துண்டில் எழுதிவைப்பது என் வழக்கம். யன்னல் 9, கதவு 2, ஆட்கள் 14 என்று எழுதியிருந்தேன்.

இப்போது முன்னே வந்து எண்ணினேன். பதின்மூன்று. மறுபடியும் பதின்மூன்று.

முதலாளி ஜெயன் என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர். சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னார்:

"அண்ணை, உந்தத் துண்டை உள்ள வையுங்கோ. வரேக்கை இப்பிடித்தான் இருந்ததெண்டு சொல்லுறன்."

"பதினாலு எண்டு கிடக்குத் தம்பி."

"தமிழிலதானே எழுதினனீங்கள். அவவுக்கு என்ன விளங்கும்?"

"இலக்கம் விளங்கும்."

துண்டை மேசையில் வைத்தேன். அந்த அம்மா 14 மேல் விரலை வைத்தார்.

பொன்கோட்டுக்கு வெளியே இருப்பது வெறும் ஓரம் என்று, படத்தின் ஓரத்தை மூடும் சுற்று மட்டையைக் கோட்டோடு ஒட்டி வைத்தவன் நான். அந்தக் கிழமை ஆறு படங்களின் கடதாசி ஓரத்தை வெட்டியுமிருந்தேன். இது அந்த ஆறில் ஒன்றா என்பது நினைவில்லை.

பிறேமின் பின்பக்கத்து ஆணிகள் பன்னிரண்டையும் கழற்றி மட்டையைத் தூக்கினேன். அரண்மனை வாசலுக்கு அப்பால், கோட்டைத் தாண்டி, காவல்காரன் நின்றான். அவன் தடிக்கும் கடதாசி விளிம்புக்கும் இடையில் மூன்று மில்லிமீற்றர். விளிம்பு புது வெள்ளையாக இருந்தது. வெட்டித்தான் இருக்கிறேன்.

அதையும் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் பிறேமை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் ஜெயன் அச்சடிப்பித்த புதிய ஓர்டர் புத்தகம் வந்தது. அதில் ஒரு வரி கூடுதலாக அச்சாகியிருந்தது: கோட்டுக்கு வெளியே உள்ளவை.

எத்தனை பேர் என்று நான் எழுதியிருந்தேன். எங்கே நிற்கிறார்கள் என்று எழுதவில்லை. பிறகு ஓய்வு பெறும்வரை எந்தப் படம் வந்தாலும் அந்த வரியைத்தான் முதலில் நிரப்பினேன்.