பெட்டி மொனிட்டரில் மெலிந்தவர்கள்

எங்கள் முன்னறை மேசையில் ஒரு பெட்டி மொனிட்டர் இருக்கிறது. சுவரோடு ஒட்டி நிற்கும் இந்தக் காலத்துத் தட்டை வகை அல்ல. கண்ணாடிக் குழாய் வைத்து, பின்பக்கம் ஒன்றரை அடிக்கு நீண்டுபோன பழைய வகை. அது இருக்கும் மேசையில் விசைப்பலகைக்கும் ஒரு தேநீர்க் கோப்பைக்கும்தான் மேற்கொண்டு இடமுண்டு.

மழைக்காலத்தில் எங்கள் பழைய கொம்பியூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மனைவியின் தம்பி, பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மைத்துனர், தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, தான் பாவித்ததை எங்களுக்குக் கொண்டுவந்து தந்தார். அவர் பாவித்தது என்றாலும் அது எங்கள் வீட்டுக்கு மிகவும் புதியது. விளையாட்டுகளுக்கென்று போட்ட பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றும் உள்ளே இருந்தது. கொம்பியூட்டர் போய்விட்டதால் மொனிட்டரும் போகவேண்டும் என்பது மனைவியின் முடிவு. மஹய்யாவையில் எங்கள் ஏற்றத்துக்குச் சனிக்கிழமை தோறும் போத்தல், பழைய பேப்பர் வாங்குகிறவர் வருவார்.

"இஞ்சாருங்கோ, சனிக்கிழமைக்கிடையிலை அதிலை படம் வந்தால் இருக்கட்டும். வராட்டில் போத்தில்காரரோடை போகட்டும். எனக்குத் தையல் மெஷின் வைக்க இடம் வேணும்."

பழுதான பொருளை எறிய எனக்கு ஒரு காரணம் போதும். பழுதாகாத பொருளை எறிய எனக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை. அந்த மொனிட்டர் காட்டும் எழுத்துகள் என் கண்ணுக்கு ஒத்துப்போனவை. சரி என்றேன்.

சிக்கல் கம்பியில் இருந்தது. மொனிட்டரின் கம்பி நீல நிற முனையில் முடிகிறது. அதற்குள் மூன்று வரிசையாக ஊசிகள். புதிய கொம்பியூட்டரின் பின்புறத்தில் அப்படியொரு துளையே இல்லை. ஊசிகளை எண்ணினேன். பதினைந்து இருக்கவேண்டிய இடத்தில் பதினான்கு. ஒன்று உடைந்து எங்கேயோ விழுந்துவிட்டதென்று மேசைக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடினேன். ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னாலுள்ள கொம்பியூட்டர் கடைக்கு, மொனிட்டரை எல்லாப் பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்கார முஸ்லிம் அன்பர் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, இது இன்னும் உசிரோட இரிக்கா சேர்?"

"நல்ல நிலையில் இருக்கிறது. ஓர் ஊசிதான் இல்லை."

"அந்த ஊசி பொறக்கும்போதே இல்ல சேர். அதுக்கு வேலையும் இல்ல. நீங்க நிம்மதியா இரிங்க."

வெறும் கம்பியை மாட்டினால் படம் வராது என்றும், புதிய கார்ட் பேசுவது ஒரு பாஷை, பழைய மொனிட்டருக்கு விளங்குவது வேறு பாஷை என்றும், இடையில் மொழிபெயர்க்க ஒரு கன்வேட்டர் வேண்டும் என்றும் விளக்கினார். தீப்பெட்டியளவு சாமான் ஒன்றைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்து வைத்தார். "இத எச்டிஎம்ஐ ஓட்டையில போடுங்க. மறுபக்கம் ஒங்கட நீலக் கம்பி. படம் வராட்டி கொண்டு வாங்க, நானும் பாக்கணும் அந்த மொனிட்டர."

இனிச் சொல்லப்போவது விளங்க எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் பொருளின் உறையும் கழற்றப்படுவதில்லை. டிவி ரிமோட் பொலித்தீனுக்குள் இருக்கிறது. பொலித்தீனுக்கு மேலாகத்தான் அமத்துவோம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கடைக்காரர் ஒட்டிய மெல்லிய படலம் ஓரங்களில் சுருண்டாலும் நிற்கிறது. கதிரை மெத்தைகளுக்கும் அதே மரியாதை. திருமணமான நாளிலிருந்து நானும் மனைவியும் பேசாமலே ஒத்துப்போன ஒரே விடயம் இதுதான்.

கொம்பியூட்டரைத் திருப்பி வைத்தேன். பின்புறம் மேல்பகுதியில் ஓர் எச்டிஎம்ஐ துளை திறந்தபடி இருந்தது. கீழ்ப்பகுதியில் சில துளைகள் கறுப்பு ரப்பர் மூடிகளால் அழகாக மூடப்பட்டிருந்தன. அந்த மூடிகளைத் துணியால் துடைத்துவிட்டு, திறந்திருந்த துளையில் கன்வேட்டரைச் செருகினேன். நீலக் கம்பியின் இரு திருகாணிகளையும் முறுக்கினேன். ஆளியைப் போட்டேன். காற்றாடிகள் சுழன்றன. திரையில் 'சிக்னல் இல்லை' என்ற ஆங்கில வாசகம் சிறு பெட்டிக்குள் நின்றபடி அங்குமிங்கும் மிதந்தது.

கழற்றி மறுபடி மாட்டினேன். வேறு பிளக்கில் போட்டேன். வாசகம் மிதந்தது. மனைவி வாசலில் நின்று தையல் மெஷினின் அகலத்தைச் சாணால் அளந்து காட்டினாள்.

வெள்ளி மாலை மைத்துனர் வேலை முடிந்து வந்தார். பின்பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றார். தோள்கள் குலுங்கின.

"அத்தான், கார்ட்டின்ரை ஓட்டையள் எல்லாம் மூடிக் கிடக்குது!"

"ஓம், தூசு போகாமல் இருக்க."

"இந்த மூடியளைக் கழட்டிப்போட்டெல்லோ கொழுவ வேணும். நீங்கள் கொழுவினது மதர்போட்டின்ரை ஓட்டை. படம் கார்ட்டாலைதான் வரும். அதிலை சாமம் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தாலும் ஒண்டும் வராது."

"மூடினது ஆர்?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "நான்தான். ஏத்திக்கொண்டு வரேக்கை தூசு போகுமெண்டு. புதுசிலை வந்த மூடியள், எறிய மனம் வரேல்லை."

"எங்கட ரத்தமெல்லோ," என்றாள் மனைவி பெருமையாக.

ஒரு மூடியைக் கழற்றிக் கன்வேட்டரை மாற்றிச் செருகியதும் திரை ஒரு தடவை 'டங்' என்று ஒலித்துப் பளிச்சிட்டது. படம் வந்துவிட்டது. ஆனால் எல்லாமே ஒடுங்கி, உயர்ந்து தெரிந்தன. அகலத் திரைக்கான படத்தைக் கார்ட் அனுப்ப, சதுரத்துக்குக் கிட்டிய எங்கள் மொனிட்டர் அதை இரு பக்கமும் நெரித்து உள்ளே அடக்கியிருந்தது.

"இது படமே? பிதுக்கின பற்பசை மாதிரிக் கிடக்குது," என்றாள் மனைவி. சனிக்கிழமைக்கு ஓர் இரவுதான் இருந்தது.

"பொறு அக்கா, கமராவையும் ஒருக்காப் பாத்திட்டு எல்லாத்தையும் சரிக்கட்டுவம்," என்று மைத்துனர், கொம்பியூட்டரோடு தந்த சிறு கமராவை மொனிட்டரின் மேல் வைத்து, கனடாவிலிருக்கும் தங்கள் பெரியக்காவுக்கு வீடியோ அழைப்பை எடுத்தார். அங்கே காலை. பெரியக்கா திரையில் வந்தார், முருங்கைக்காய் போல.

"அக்கா! நல்லா மெலிஞ்சு போனியள்!" என்று கதிரையை இழுத்து உட்கார்ந்தாள் மனைவி. அப்போதுதான் திரையின் மூலையில் சிறு கட்டத்துக்குள் தன்னையே கண்டாள். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, தோள்கள் ஒடுங்கி. தலைமயிரை ஒதுக்கினாள். ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். மறுபக்கமும் திரும்பினாள்.

"நீ முந்தியிலும் பாக்கக் கொஞ்சம் சதை போட்டிட்டாய் போல," என்றார் பெரியக்கா.

"உங்கட ஸ்கிரீன் பிழை அக்கா. மாத்துங்கோ."

அழைப்பு முடிந்ததும் மைத்துனர் சுட்டியைப் பிடித்தார். "இனி உந்த ஒடுக்கத்தைச் சரியாக்கி விடுறன். ரெண்டு கிளிக்."

"கையை எடடா," என்றாள் மனைவி. "வந்த படத்தைக் குழப்பாதை."

மறுநாள் காலை பேப்பர் வாங்குகிறவர் சைக்கிளோடு வாசலில் நின்றார்.

"பெரிய டிவி ஒண்ணு இருக்குன்னீங்களேம்மா? கயிறெல்லாம் கொண்டாந்திருக்கேன்."

"அது டிவி இல்லை, கொம்பியூட்டர். நல்லா வேலை செய்யுது. பேப்பரை நிறுங்கோ."

தையல் மெஷின் படுக்கையறைக்குப் போயிற்று. கழற்றிய மூடியை நான் கடித உறையொன்றில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். நான் தட்டச்சு செய்யும் எழுத்துகள் பட்டினி கிடந்தவை போல் நிற்கின்றன. வட்டம் வரைந்தால் முட்டையாகிறது. எந்த இடத்தில் அந்த இரண்டு கிளிக் என்பதை மைத்துனர் போகும்போது வாசலில் வைத்து எனக்கு மட்டும் சொல்லிவிட்டுத்தான் போனார். கோணலாகத் தொங்கும் நாட்காட்டியைக்கூட நிமிர்த்தாமல் கடந்து போகத் தெரியாதவன் நான். ஆனாலும் அந்த இடத்துக்குச் சுட்டியை இன்னும் கொண்டுபோகவில்லை.